ஒற்றர் படங்களைப் பகடி செய்யும் புதிய நகைச்சுவைப் படம்: எதை எதிர்பார்த்துப் போவது?

வடசேரி வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஒற்றர் படங்களைப் பகடி செய்யும் புதிய தமிழ்ப் படம் ஒன்றின் முன்னோட்டம் வந்ததிலிருந்து எங்கள் நண்பர் வட்டத்தில் வேறு பேச்சே இல்லை. படத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். பெயரைச் சொன்னால் விவாதம் அந்த நடிகரின் ரசிகர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான சண்டையாகத் திரும்பிவிடும். நான் கேட்க விரும்புவது இந்த வகைப் படத்தைப் பற்றி.

எங்களில் ஒரு சாரார் முதல் காட்சிக்கே போக வேண்டும் என்கிறார்கள். 2010இல் சி.எஸ்.அமுதன் இயக்கத்தில் வந்த ‘தமிழ்ப் படம்’ தந்த சிரிப்பை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதில் எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி ஆகிய மூவரும் நாயகன் சிவாவின் இளவயது நண்பர்களாக வருவார்கள். நரைத்த தலைகளுக்கு இளைஞர் உடையைப் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கதையை நடத்திக்கொண்டு போனதால், நாற்பதைத் தாண்டிய நாயகர்களைக் கல்லூரி மாணவர்களாக நாம் எத்தனை ஆண்டுகள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தோம் என்பது சட்டென்று உறைத்தது.

மற்றொரு சாராருக்கு 2018இல் வந்த அதன் இரண்டாம் பாகமே நினைவுக்கு வருகிறது. ‘இது எந்தப் படத்தின் காட்சி, அது யாருடைய வசனம்’ என்று அடையாளம் காண்பதே அங்கு வேலையாகிவிட்டது, சிரிப்பதற்கு நேரம் இருக்கவில்லை என்பது அவர்களுடைய குறை. புதிய படமும் அதே பாதையில் போகும் என்று அஞ்சுகிறார்கள்.

என்னுடைய ஐயம் இவ்விரண்டிலிருந்தும் சற்று வேறானது. ‘தமிழ்ப் படம்’ கேலி செய்தவற்றை அரங்கில் இருந்த அத்தனை பேரும் பார்த்து வளர்ந்திருந்தார்கள். ஒற்றர் படம் என்று எடுத்துக்கொண்டால் நம் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பு எவ்வளவு இருக்கிறது? என் தந்தைக்கு ஒற்றர் என்றால் ஜெய்சங்கரும் ‘ரகசிய போலீஸ் 115’ எம்.ஜி.ஆரும். எனக்கு ராணி காமிக்ஸில் படித்த ஜேம்ஸ் பாண்டும், தமிழில் மொழிமாற்றம் செய்து தொலைக்காட்சியில் போட்ட ஆங்கிலப் படங்களும். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனுக்கோ 2022இல் வந்த ‘விக்ரம்’, ‘சர்தார்’, ‘பீஸ்ட்’ ஆகியவைதாம் ஒற்றர் உலகம். இந்த மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே இடத்தில் சிரிக்கும்படி ஒரு படத்தை எடுக்க இயலுமா? வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு முதல் வாரமே போகலாமா, சற்றுப் பொறுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்:

வடசேரி நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கான விடை களியக்காவிளை எல்லைக்கு அப்பால், கேரளத்தில், 1987இலேயே கிடைத்துவிட்டது என்பது என் கருத்து. விளவங்கோடு பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு மலையாளப் படங்களும் வீட்டுப் படங்களே. அந்த உரிமையில் சொல்கிறேன்.

சத்யன் அந்திக்காடு இயக்கி ஸ்ரீனிவாசன் திரைக்கதை எழுதிய ‘நாடோடிக்காற்று’ படத்தில் தாசனும் விஜயனும் வேலை கிடைக்காத இரண்டு இளைஞர்கள். மாடு வாங்கிப் பால் விற்கும் முயற்சியும் நட்டத்தில் முடிந்த பிறகு, வளைகுடாவுக்குப் போய்விடலாம் என்று ஒருவரிடம் பணம் கொடுத்துப் படகேறுகிறார்கள். அவரோ துபாய் என்று சொல்லிச் சென்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். கரையேறியதும் இருவரும் அரபு உடையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். எதிரில் தமிழில் எழுதிய பலகைகள் தென்படும்போது அவர்கள் முகத்தில் முதலில் வருவது குழப்பம். ஏமாந்துபோனோம் என்ற உணர்வு மெல்லத்தான் வந்து சேருகிறது. அதன் பிறகு ஒரு கடத்தல் கும்பல் இவர்களைச் சி.ஐ.டி.க்கள் என்று நினைத்து அஞ்சத் தொடங்குகிறது. தங்களைப் பார்த்து ஒரு கூட்டம் நடுங்குகிறது என்பதே இவர்களுக்குத் தெரியாது. இவர்களை ஒழிக்க வரவழைக்கப்படும் பவனாயி என்ற வாடகைக் கொலைகாரன், ஆங்கிலப் படத்து வில்லனுக்குரிய தோரணையோடு ஆயுதங்களைக் கடை பரப்பிக் காட்டிவிட்டு, கடைசியில் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறான்.

இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரேயொரு ஜேம்ஸ் பாண்ட் படத்தைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வேலையில்லாமல் அலைந்திருந்தால் போதும். வளைகுடாவுக்குப் போக முகவரிடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த ஒருவராவது வீட்டில் இருந்திருந்தால் போதும். நம் மாவட்டத்தில் அப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. ஒற்றர் கதை அங்கு மேலே போட்ட சட்டை. உள்ளே இருந்தது வேலையின்மை. 1988இல் ‘பட்டணப்பிரவேசம்’ படத்தில் இதே இருவரும் உண்மையாகவே சி.ஐ.டி.க்கள் ஆனார்கள், 1990இல் பிரியதர்ஷன் இயக்கிய ‘அக்கரே அக்கரே அக்கரே’ படத்தில், களவுபோன கிரீடத்தைத் தேடி அமெரிக்காவுக்கே போனார்கள். நான் மூன்றையும் விரும்பிப் பார்ப்பவன். ஆனாலும் அவர்கள் மெய்யான ஒற்றர்களாக ஆக ஆக, முதல் படத்தில் இருந்த அந்த வலி குறைந்துகொண்டே போனது என்றுதான் சொல்வேன்.

‘நாடோடிக்காற்று’ 1988இலேயே பாண்டியராஜனும் எஸ்.வி.சேகரும் நடித்து ‘கதாநாயகன்’ என்று தமிழில் வந்தது. ஆகவே நம்மவர்களுக்கு இது புதிய நிலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். புதிய படத்தின் நாயகனுக்குக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் தவிர வாழ்க்கையில் ஏதேனும் ஒரு குறை, ஒரு கடன், ஒரு தேவை இருக்கிறதா என்று முன்னோட்டத்தில் தேடிப் பார்த்தேன். எனக்குத் தென்படவில்லை. அதனால் நான் பொறுத்திருந்து பார்க்கும் பக்கம்.

ஒழுகினசேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வடசேரித் தம்பிக்கு, உங்கள் தந்தையின் தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜெய்சங்கரை இன்றைய பிள்ளைகள் மீம்களில் மட்டுமே பார்க்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். 1966இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ என்ற இரண்டையும் தந்தது, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ வந்தது. ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் வேதாவின் இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ இன்றும் கோயில் கொடைகளில் இசைக்குழுவினர் வாசிக்கக் கேட்கிறேன். அந்தப் படங்களில் வில்லனின் இருப்பிடத்தில் சுவர் நிறைய வண்ண விளக்குகள் அணைந்து அணைந்து எரியும். எந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று எவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு நாயகன் உள்ளே நுழைந்தால் கூட்டாளிகள் நூறு பேருக்கும் அடையாளம் தெரியாது. இவற்றைக் கேலி செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் சேலத்தில் அமைத்த அரங்குக்குள், இருந்த வசதியைக் கொண்டு, உலகப் படங்களுக்கு ஈடாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டு கேலி செய்ய வேண்டும். அந்த விளக்குகளைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்த சிறுவர்களில் நானும் ஒருவன்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் இதே ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் தேர்ந்த பிறகே திரைக்கு வந்தவர். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபத்தைப் பாருங்கள். அதற்கு மூலம் நந்தனார் சரித்திரம். சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனாரின் இடத்தில், பள்ளிக்கூடப் படிப்புக்கு ஏங்கும் கிந்தனை வைத்தார். பாகவதரின் தோரணை, இடையிடையே வரும் பாட்டு, பக்கவாத்தியம், கதையை நிறுத்தி நிறுத்திச் சபையைப் பார்க்கும் பார்வை என்று காலட்சேபத்தின் ஓர் அங்கத்தையும் அவர் விடவில்லை. அந்தக் கலையை முழுமையாகக் கற்றவர் மட்டுமே அப்படிப் பகடி செய்ய முடியும். காலட்சேபம் கேட்டே பழகாத பிள்ளைக்கும் அது புரியும், ஏனென்றால் படிக்க ஆசைப்படும் சிறுவன் ஒருவனின் கதை உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நந்தனார் கதையை அறிந்தவருக்கோ சிரிப்போடு நெஞ்சில் ஒரு குத்தும் சேர்ந்து கிடைக்கும். மூன்று தலைமுறை ஒரே வரிசையில் இருந்து சிரிக்க முடியுமா என்று கேட்டீர்களே, முடியும் தம்பி.

மார்த்தாண்டத்து நண்பர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் முன்னோட்டத்தை மட்டும் வைத்து நாயகனுக்குத் தேவை எதுவும் இல்லை என்று தீர்மானிக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இக்கால முன்னோட்டங்கள் சத்தத்தை முன்னே வைத்துக் கதையை மறைத்துவிடுகின்றன.

தக்கலையிலிருந்து ஒருவர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னதோடு ஆங்கிலப் படங்களிலிருந்தும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இரசிகர்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பது புதிதன்று.

மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் சேர்ந்து உருவாக்கிய ‘கெட் ஸ்மார்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1965இல் தொடங்கியது. ஜேம்ஸ் பாண்ட் மோகம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அதன் நாயகன் மேக்ஸ்வெல் ஸ்மார்ட் காலணியைக் கழற்றித் தொலைபேசியாகப் பேசுவான். இரகசியம் பேச வேண்டியிருந்தால், மேலிருந்து ஒரு கண்ணாடிக் கூண்டை இறக்கித் தன்னையும் தன் அதிகாரியையும் மூடச் சொல்வான். கூண்டு இறங்கிய பிறகு உள்ளே இருப்பவர்களுக்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, இருவரும் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரி வேண்டாம் என்பார். விதிப்படிதான் செய்ய வேண்டும் என்று இவன் பிடிவாதம் பிடிப்பான். டான் ஆடம்ஸ் அந்தப் பிடிவாதத்தைத் துளிச் சிரிப்பும் இல்லாமல் நடித்தார். அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு சான்றிதழுக்காக நின்றவர் எவருக்கும் அந்தக் கூண்டு புரியும்.

2008இல் ஸ்டீவ் கேரல் நடித்து அதே கதை திரைப்படமாக வந்தபோது, நாயகனைத் திறமையுள்ள ஆய்வாளனாகவும், களத்துக்குப் போக ஏங்குபவனாகவும் மாற்றினார்கள். பழைய தொடரின் இரசிகர்களில் பலர், மேக்ஸ்வெல்லுக்கு அறிவு வந்துவிட்டால் பிறகு அவன் மேக்ஸ்வெல்லா என்று கேட்டார்கள். புதியவர்களோ இப்படி மாற்றியதால்தான் இரண்டு மணி நேரம் அவனோடு ஒட்டிப் பயணிக்க முடிந்தது என்றார்கள். எனக்கு இதில் புதியவர்களின் பக்கமே நியாயமாகத் தெரிகிறது; அரை மணி நேரத் தொடருக்குப் போதுமான முட்டாள்தனம் முழுநீளப் படத்தைத் தாங்காது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நகைச்சுவை செய்கிறோம் என்பது நடிகர்கள் முகத்தில் தெரியக் கூடாது. 1980இல் ‘ஏர்பிளேன்’ எடுத்தவர்கள், அதுவரை கண்டிப்பான வேடங்களிலேயே நடித்துவந்த லெஸ்லி நீல்சனைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். அபத்தமான வசனத்தை அவர் மருத்துவ அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தார். அதே நடிகர் 1996இல் ‘ஸ்பை ஹார்டு’ என்ற ஒற்றர் பகடியில் நடித்தபோது, தாம் வேடிக்கையானவர் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. எனக்கு அந்தப் படத்தில் சிரிப்பு வரவில்லை.

பகடி வலுவாக இருந்தால் மூலத்தையே அசைத்துவிடும் என்பதற்கும் சான்று உண்டு. 1997இல் தொடங்கிய ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படங்களுக்குப் பிறகு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் பழைய வேடிக்கைகளைச் செய்ய வழியில்லாமல் போயிற்று என்று டேனியல் கிரெய்க்கே பேட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். அவர் நடித்து 2006இல் வந்த ‘கேசினோ ராயல்’ அவ்வளவு இறுக்கமாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் இயக்குநர்களும், இனி எவரும் அந்தக் காட்சியைப் பழையபடி எடுக்கத் தயங்கும் அளவுக்குக் கேலி செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

கருங்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

வடசேரி அண்ணாச்சி, பெரியவர்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடையாளம் கண்டு சிரிப்பதைத் தாழ்ந்த சிரிப்பு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். அரங்கில் நானூறு பேர் ஒரே நொடியில் ஒரு காட்சியை அடையாளம் கண்டு கத்துவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. வீட்டில் தனியாகக் கைப்பேசியில் பார்க்கும்போது அது கிடைப்பதில்லை. ‘விக்ரம்’ படத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்மணி ஏஜென்ட் டீனா என்று தெரியவந்தபோது அரங்கம் எப்படி அதிர்ந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தப் புதிய படத்தில் பால்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று அத்தனை பேரும் ஒற்றர்களாக மாறி நின்றால் நான் சிரிப்பேன். அதற்குக் கீழே ஆழமான கதை இல்லாவிட்டாலும் அன்றைய மாலை எனக்கு வீணில்லை. நான் முதல் நாளே போகிறேன்.

குளச்சலிலிருந்து ஒருவர்:

கருங்கல் தம்பி ஏஜென்ட் டீனாவைக் குறிப்பிட்டதால் எழுதத் தோன்றியது. அந்தக் கைதட்டலை வெறும் அடையாளச் சிரிப்போடு சேர்க்காதீர்கள், தம்பி. அதுவரை சமையலறையில் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தவரை நாம் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தக் காட்சி அதிர்ந்தது. ஒற்றருக்கு முதல் தகுதி யார் கண்ணிலும் படாமல் இருப்பது என்றால், கோட்டு போட்ட நாயகனைவிட அந்த அம்மாவுக்கே அது பொருந்துகிறது. ஒற்றர் படங்களைப் பகடி செய்ய வருபவர்கள் தொட வேண்டிய இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இதுவரை நடந்த விவாதத்தில் பெண் பாத்திரங்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

தக்கலை அண்ணன் சொன்ன ‘கெட் ஸ்மார்ட்’ தொடரில், நாயகனோடு வேலை செய்யும் பெண்ணுக்கு எண் 99 என்பதைத் தவிரப் பெயரே கிடையாது. அவனைவிட அறிவாளி அவள்தான். பல வேளைகளில் காரியத்தை முடிப்பதும் அவள்தான். 1965இல் அதை வேடிக்கையாக வைக்க முடிந்தது. 2015இல் பால் ஃபீக் இயக்கிய ‘ஸ்பை’ படத்தில் மெலிசா மெக்கார்த்தி முழுக் கதையையும் தாங்கினார். அலுவலகத்தில் அமர்ந்து, களத்தில் இருக்கும் அழகான ஒற்றனின் காதில் ‘வலப்பக்கம் திரும்பு, பின்னால் ஆள் வருகிறான்’ என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். அவளைக் களத்துக்கு அனுப்பும்போது, பளபளக்கும் கருவிகளுக்குப் பதிலாக, கடையில் கேட்டு வாங்கவே கூச்சப்படும் மருந்துப் பொருள்களின் உருவத்தில் ஆயுதங்களைக் கொடுக்கிறார்கள். பூனை வளர்க்கும் தனிமைப் பெண்மணி என்ற வேடத்தையும் மாட்டிவிடுகிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணைத் தன் அலுவலகமே எப்படிப் பார்க்கிறது என்பது அந்தக் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டும் ஒரு காட்சியிலேயே விளங்கிவிடும். நான் அந்தக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தேன், கோபமும் வந்தது.

புதிய படத்தின் முன்னோட்டத்தில் நாயகிக்கு ஒரு பாட்டும் ஓர் அலறலும்தான் கிடைத்திருக்கின்றன. பழைய ஒற்றர் படங்களில் நாயகிக்கு இருந்த இடத்தைக் கேலி செய்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்களா, அந்த இடத்தையே திரும்பவும் கொடுத்திருக்கிறார்களா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். முதலாவது என்றால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போவேன். இரண்டாவது என்றால் ஓடிடியில் வரும்வரை பொறுப்பேன்.

வடசேரி வாசகர்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிவைத் தந்தையிடம் வாசித்துக் காட்டினேன். வண்ண விளக்குகள் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவரை அழைத்துப் போவது என்று முடிவாகிவிட்டது, ஆனால் முதல் வாரம் வேண்டாம் என்று நினைக்கிறேன். கருங்கல் தம்பி, முதல் நாளே போவதால் உங்களிடம் ஓர் உதவி. கதையை வெளியே சொல்லாமல் மூன்று விவரங்களை மட்டும் இங்கு எழுத முடியுமா? நாயகன் தன் வேடிக்கைக்குத் தானே சிரிக்கிறாரா, அவருக்கு உலகத்தைக் காப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு கவலை ஏதும் இருக்கிறதா, குளச்சல் சகோதரி கேட்டபடி நாயகிக்குப் படத்தில் உருப்படியான வேலை இருக்கிறதா?

கருங்கல் மாணவர்:

கட்டாயம் எழுதுகிறேன், அண்ணாச்சி. நாகர்கோவிலில் மாலைக் காட்சிக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பியதும் அன்றிரவே பதிவிடுகிறேன். உங்கள் தந்தைக்காக, வில்லனின் அறையில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துவைக்கிறேன்.